நாட்டில் மின்சாரம் இருந்த தை மாதம்

அப்பா, அச்சு மையின் வாசனை கையை விட்டுப் போகமாட்டேன் என்கிறது. சோப்புப் போட்டுக் கழுவினேன், எலுமிச்சைத் தோலைத் தேய்த்துப் பார்த்தேன். சோறு பிசையும்போதும் அதே வாசனைதான் வந்தது. சாப்பிடப் பிடிக்காமல் தட்டை மூடி வைத்துவிட்டு இதை எழுத உட்கார்ந்திருக்கிறேன்.

இன்று காலை அலுவலகத்தில் ஒரு நீளமான படம் அச்சாகி வந்தது. கூடத்துச் சுவரின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரை போகும் நீளம். நாட்டில் மாதாமாதம் எவ்வளவு மின்சாரம் உற்பத்தியானது என்பதைப் பல ஆண்டுகளுக்குச் சேர்த்து ஒரே கோடாக வரைந்திருந்தார்கள். நான் வேலை பார்ப்பது மின்சாரத்தை வாங்கி விற்கும் தனியார் நிறுவனத்தில். நான் சேர்ந்த அன்று, “கரண்டக் கூடவா மூட்டை கட்டி விக்கிறாங்க?” என்று கேட்டு அம்மாவைப் பார்த்துச் சிரித்தீர்களே, அதே இடம்தான். நிறுவனத்துக்கு ஏதோ விழா வருகிறது. மேலாளர் என் கையில் ஒரு சுருள் சிவப்பு நட்சத்திரங்களைக் கொடுத்தார். “எந்தெந்த மாசம் அதுக்கு முன்னாடி இல்லாத உச்சத்தைத் தொட்டுச்சோ அங்கெல்லாம் ஒண்ணு ஒட்டிடுங்க மேடம். வர்றவங்க கண்ணுல பளிச்சுன்னு படணும்” என்றார்.

எனக்கு அந்த வேலை பிடித்திருந்தது. விலையும் ஒப்பந்தமுமாக மாரடிக்கிறவளுக்கு ஒரு காலைப் பொழுது ஒட்டு வேலை கிடைத்தால் கசக்குமா? பக்கத்து மேசை வித்யா கணினியைப் பார்த்து மாதத்தையும் ஆண்டையும் வாசிக்க, நான் நாற்காலி மேல் ஏறி நின்று ஒட்டிக்கொண்டே வந்தேன்.

உங்களுக்குப் பிடித்திருக்கும் அந்தக் கோடு. நான் பள்ளிக்கூடம் போன காலத்தில் தரையை ஒட்டித் தொடங்குகிறது. நாடு கதவைத் திறந்துவிட்டு வெளிநாட்டுக்காரனையும் தனியாரையும் உள்ளே விட்ட காலத்துக்குப் பிறகு நிமிர ஆரம்பித்து, அப்புறம் ஏறிக்கொண்டே போகிறது. ஒரே சீராக ஏறவில்லை. ரம்பப் பல் மாதிரி ஏறி இறங்கி, இறங்கி ஏறித்தான் மேலே போகிறது. குளிர் முடிந்து வெயில் தொடங்கும்போது ஏறும். மழைக்காலத்தில் மோட்டார்களும் மின்விசிறிகளும் ஓய்வெடுப்பதால் கொஞ்சம் தணிந்து, மழை விட்டதும் திரும்ப ஏறும். அணைகள் நிறைந்த ஆண்டுகளில் கோட்டுக்கு அடியில் நீர்மின்சாரத்தின் நீல நிறம் தடித்திருக்கும். மழை பொய்த்த ஆண்டுகளில் நீலம் நூலாகிவிடும், மேலே நிலக்கரியின் சாம்பல் நிறம் அகன்றுவிடும். பிப்ரவரி வந்தால் எல்லா ஆண்டும் ஒரு சின்னப் பள்ளம். புதிதாகச் சேருகிறவர்கள் அதைப் பார்த்துவிட்டு, “பிப்ரவரியில என்ன தட்டுப்பாடு?” என்று கவலையாகக் கேட்பார்கள். “அந்த மாசத்துக்கு நாளே கம்மிப்பா, வேற ஒண்ணும் இல்ல” என்று வித்யா சிரிப்பாள்.

அப்படிச் சிரித்துக்கொண்டே அடுத்ததை வாசித்தாள். “ஜனவரி” என்றாள், ஆண்டையும் சொன்னாள். ஒட்டினேன். ஒட்டிவிட்டுக் கையை எடுத்த பிறகுதான் உறைத்தது. நம் வயல் கருகிய தை, அப்பா. அந்தத் தை.

“இன்னொரு தடவை படி” என்றேன். படித்தாள். கீழே இறங்கிப் போய் நானே திரையைப் பார்த்தேன். மாற்றமில்லை. அதுவரை நாடு எந்த மாதத்திலும் அவ்வளவு மின்சாரம் தயாரித்ததில்லை.

“ஏங்க்கா, தப்பா ஒட்டிட்டீங்களா?”

“இல்ல வித்யா. இந்த மாசம் எங்க ஊர்ல கரண்டே இல்ல.”

“உங்க ஊர்ல இல்லாம இருந்திருக்கும்க்கா. நாட்டுல இருந்திருக்குல்ல?” என்று அவள் சாதாரணமாகச் சொல்லிவிட்டு அடுத்த மாதத்தைத் தேடப் போனாள்.

அந்தப் பெண்ணைச் சொல்லிக் குற்றமில்லை. அவள் அப்போது பிறந்திருப்பாளோ என்னவோ. ஆனால் நான் நட்சத்திரச் சுருளை அவள் மேசையில் வைத்துவிட்டு மாடிப்படியில் போய் உட்கார்ந்துவிட்டேன். இத்தனை ஆண்டு மின்சாரத்தோடேயே குப்பை கொட்டுகிறேன், இந்த ஒரு மாதத்தைப் போய்ப் பார்க்க எனக்குத் தோன்றியதே இல்லை. பார்க்க என்ன இருக்கிறது என்று விட்டிருக்கிறேன். அன்றைக்கு நாட்டிலேயே இல்லை என்பதுதான் நம் வீட்டில் எல்லாருக்கும் தெரிந்த விஷயம் ஆயிற்றே. நீங்களே உங்கள் வாயால் சொன்னதாயிற்றே.

நீடாமங்கலத்துக்குப் பக்கத்தில் வயல்களுக்கு நடுவே இருந்த அந்த சப்ஸ்டேஷனில் நீங்கள் ஆப்பரேட்டர். நம் தெருவிலிருந்து ஒருவர் பண்ணை வேலைக்குப் போகாமல், மின்விசிறிக்குக் கீழே நாற்காலியில் உட்கார்ந்து சம்பளம் வாங்கியது அதுதான் முதல் முறை. தாத்தா கடைசி வரை அதை நம்பாமல், “அந்தக் கம்பி வேலிக்குள்ள என்னதாண்டா பண்ணுற?” என்று கேட்டுக்கொண்டே இருந்தார் என்று அம்மா சொல்வாள். அதே கம்பி வேலிக்குள் உங்களுக்குச் சாப்பாடு கொண்டுவந்து கொடுத்துவிட்டு நான் வேடிக்கை பார்த்திருக்கிறேன். சுவர் நீளத்துக்கு இரும்புப் பெட்டிகள். ஒவ்வொரு லைனுக்கும் ஒரு கைப்பிடி, மேலே இரண்டு சின்ன விளக்குகள். சிவப்பு எரிந்தால் மின்சாரம் போய்க்கொண்டிருக்கிறது என்று அர்த்தம், பச்சை எரிந்தால் அணைத்தாயிற்று என்று அர்த்தம். வயல்காட்டில் பிறந்தவளுக்கு அது தலைகீழாகத் தெரியும். பச்சை எரிந்தால் பயிர் காய்கிறது என்று எப்படி மனதில் பதியும்?

மேசை மேல் ஒரு போன். நாட்டின் மின்சாரத்துக்கே நாடி பிடித்துப் பார்க்கிற ஏதோ ஒரு பெரிய அறை எங்கோ தூரத்தில் இருந்தது. தேவை ஏறி உற்பத்தி எட்டாமல் போனால் நாடி இறங்கும். அப்போது அந்த போன் மணி அடிக்கும். யாரென்று தெரியாத ஒரு குரல், “சார், குறைங்க” என்று சொல்லும். உடனே குறைக்காவிட்டால் மாநிலம் மாநிலமாக எல்லாம் மொத்தமாக விழுந்துவிடும் என்பீர்கள். உங்களிடம் இருந்தவை டவுனுக்குப் போகும் லைன், புதிதாக வந்த ஏற்றுமதித் தொழிற்சாலைக்கென்று தனியாக இழுத்த லைன், கிராமங்களுக்குப் போகும் கிழக்கு லைன், மேற்கு லைன். டவுனைத் தொடக்கூடாது. தொழிற்சாலை லைனை நினைத்தே பார்க்கக்கூடாது. மிச்சம் இருந்தது கிழக்கும் மேற்கும். அதில் கிழக்கு நம் ஊர்.

நீங்கள் எப்போதும் கிழக்கைத்தான் முதலில் அணைப்பீர்கள். இது ஊர் அறிந்த விஷயம். உங்கள் சைக்கிள் டூட்டிக்குப் போவதைப் பார்த்ததும் எதிர்வீட்டு அத்தை அரிக்கேன் விளக்குக் கண்ணாடியைத் துடைக்க ஆரம்பித்துவிடுவாள். “உங்கப்பாருக்கு லீவு என்னைக்கும்மா? அன்னைக்கு மாவரைச்சுக்கிறேன்” என்று என்னிடம் கேட்பாள். அம்மாவும் சும்மா விடமாட்டாள். “உங்க நேர்மையக் காட்ட நம்ம வீட்டு வெளக்குதான் கெடச்சுதா?” என்பாள். நீங்கள் சட்டையைக் கழற்றி மாட்டிக்கொண்டே ஒரு தடவை அவளுக்குப் பதில் சொன்னீர்கள். “மேற்க ஒரு தடவை முன்னால அணைச்சேன்னு வை. ‘பாத்தியா, அந்தத் தெருக்காரனக் கொண்டுபோய் உக்கார வச்சா அவன் ஊருக்குத்தான் பாப்பான்’னு சொல்லிடுவாங்க. எனக்குப் பின்னால நம்ம புள்ளைங்க யாரும் அங்க உக்கார முடியாம போயிரும்.”

அந்த நியாயம் எனக்குப் புரிந்தது. இப்போதும் புரிகிறது. அதனால்தான் எனக்கு இவ்வளவு ஆற்றாமை.

சித்தப்பா வாங்கிய வயல் உங்கள் தம்பியுடையது மட்டும் அல்ல. நம் வகையறாவிலேயே பட்டாவில் பெயர் ஏறிய முதல் நிலம் அது. தாத்தா ஆயுசு முழுக்க அடுத்தவர் வயலில் நாற்றுப் பறித்தவர். சித்தப்பாவும் நீங்களுமாகச் சேர்ந்து அதை வாங்கினீர்கள். அம்மாவின் நகை போய்க் கழுத்து வெறுமையானது. போர் போட்டு, விவசாய சர்வீஸுக்கு எழுதிக் கொடுத்துவிட்டுக் காத்திருந்து, ஒரு வழியாக இணைப்பு வந்தது. சித்தப்பா ஸ்டார்ட்டரின் பச்சைப் பொத்தானை அழுத்தினார். குழாயிலிருந்து முதலில் செம்மண் கலங்கலாகவும், பிறகு தெளிந்தும் தண்ணீர் கொட்டியது. அவர் சட்டையோடு அதன் கீழ் போய் நின்றுகொண்டார். சித்தி, “ஜொரம் வந்துரும், வாங்க” என்று கத்தினாள். அவர் வரவே இல்லை. நீங்கள் வரப்பில் நின்று, “விடு, நிக்கட்டும்” என்றீர்கள்.

அந்த ஆண்டு மேட்டூரைச் சீக்கிரமே மூடிவிட்டார்கள். கோரையாற்றில் தீபாவளி கழிந்த கொஞ்ச நாளிலேயே மணல் தெரிய ஆரம்பித்தது. இரண்டாம் போகமான தாளடிப் பயிர். பொங்கல் நெருக்கத்தில் கதிர் வெளியே வந்து பால் பிடிக்கிற பருவம். அந்த நேரத்தில் தண்ணீர் காட்டாவிட்டால் கதிர் நிற்கும், உள்ளே ஒன்றும் இருக்காது. போர் இருக்கிறவர்கள் தப்பிக்கலாம், ஆனால் மோட்டார் ஓட மும்முனை மின்சாரம் வேண்டும். அது பகலில் சில மணி நேரம்தான் வரும். அந்தச் சில மணி நேரத்தில்தான் மேலே இருந்து போனும் வரும். நீங்கள் கிழக்கை அணைப்பீர்கள். மறுபடி கொடுத்தால் தண்ணீர் வாய்க்காலில் பாதி தூரம் போவதற்குள் திரும்பவும் மணி அடிக்கும். மேற்கின் முறை வரும்போது அதையும் அணைத்தீர்கள், நான் இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் முதல் வெட்டு எப்போதும் நம்முடையது, நீளமான வெட்டும் பெரும்பாலும் நம்முடையதாகவே வாய்த்தது.

நான் திருச்சிக் கல்லூரியிலிருந்து பொங்கல் விடுமுறைக்கு வந்திருந்தேன். அன்று உங்களுக்கு மதியச் சாப்பாடு எடுத்து வந்தேன். நீங்கள் கை கழுவிவிட்டு டிபன் பாக்ஸைத் திறக்கும்போது சித்தப்பா வாசல் கம்பிக் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றார். சைக்கிளை வயல் ஓரமாகவே போட்டுவிட்டு ஓடி வந்திருக்கிறார். இடுப்பில் துண்டு, முழங்கால் வரை காய்ந்த சேறு. சேறு காய்ந்து வெடித்திருந்தது எனக்கு இன்னும் கண்ணில் இருக்கிறது. ஈரச் சேற்றோடுதான் அவரை எப்போதும் பார்த்திருக்கிறேன்.

“அண்ணே, ஒரே ஒரு நடை தண்ணி. இன்னைக்கு மட்டும் விட்டுட்டா பொழச்சுக்கும்.”

“எங்கிட்டயா இருக்கு? மேல இருந்து சொல்றாங்கடா.”

“இன்னைக்கு ஒரு நாளு மேற்க மொதல்ல அணைங்கண்ணே. அவனுக்கெல்லாம் பின்னால போட்ட பயிரு, இன்னும் கதிரே வரல. ரெண்டு நாளு தாங்கும். நம்மளது தாங்காது.”

அவர் சொன்னது சரியான கணக்கு. உங்களுக்கும் அது தெரிந்திருந்தது. உங்கள் முகத்தில் பார்த்தேன். நீங்கள் கதவுப் பக்கம் வந்து, கம்பி மேல் இருந்த அவர் கை மேல் உங்கள் கையை வைத்துக்கொண்டு சொன்னீர்கள். “நாட்டுலயே இல்லடா தம்பி. எல்லாருக்கும்தான் இல்ல. நமக்கு மட்டும் வேணும்னு எந்த மூஞ்சிய வச்சுக்கிட்டு எடுத்துக்குறது?”

உள்ளே மணி அடித்தது. நீங்கள் போனீர்கள். “சரிங்க சார், சரிங்க சார்” என்று கேட்டது. பிறகு கைப்பிடி திரும்பியது. வெளியே யார்டில் லைன் துண்டாகும் அந்தப் பெரிய சத்தம் எழுந்தது. வழக்கமாக அதைக் கேட்டதும் காதைப் பொத்திக்கொள்வேன். அன்று பொத்தவும் மறந்து நின்றேன். சித்தப்பாவைப் பார்த்தேன். அவர் கோபப்படவில்லை. தலையை ஆட்டினார், ஆமாம் ஆமாம் என்கிற மாதிரி. “நாட்டுலயே இல்லன்னா அண்ணன் என்ன பண்ணுவாரு” என்று என்னிடம் சொன்னார். எனக்குச் சமாதானம் சொல்கிறாராம். டிபன் பாக்ஸ் திறந்தபடியே கிடந்தது, அப்பா. அன்று நீங்கள் சாப்பிடவில்லை.

பயிர் வெள்ளையாக நின்றது. அறுத்து அடித்துத் தூற்றியபோது காற்றில் எல்லாம் பறந்து போனது, கீழே விழுந்தது கொஞ்சம்தான். மறுபோகத்துக்கு முன்பே சித்தப்பா நிலத்தை விற்றுவிட்டுத் திருப்பூர் பனியன் கம்பெனிக்குப் போனார். போனவர் கூடிய சீக்கிரம் குடும்பத்தையும் கூட்டிக்கொண்டார். நம் தெருவில் அந்த ஆண்டு பூட்டுத் தொங்கிய முதல் வீடு அது. அப்புறம் வரிசையாகத் தொங்கின. சிலர் சிங்கப்பூர், சிலர் சென்னை, பலர் திருப்பூர். அங்கிருந்து சித்தப்பா போன் செய்தபோது, “இங்க கரண்டு போறதே இல்லண்ணே. போனாலும் ஜெனரேட்டர் போட்டுருவாங்க, மிஷின் நிக்காது” என்று அவர் பாட்டுக்குச் சொன்னார். உங்களைக் குத்திக்காட்ட அல்ல. அவருக்கு அதெல்லாம் வராது. ஆனாலும் நீங்கள் ரிசீவரை வைத்த பிறகு வெகுநேரம் அங்கேயே நின்றுகொண்டிருந்தீர்கள்.

உங்கள் இருவருக்கும் சண்டை என்று ஒன்று வரவே இல்லை. கல்யாணம் காட்சி என்று எங்கே கூடினாலும், யாராவது அந்த நிலத்தைப் பற்றி வாயெடுத்தால் சித்தப்பாவே முந்திக்கொள்வார். “நாட்டுலயே இல்லப்பா அப்ப. அண்ணன் அவர் வீட்டு வெளக்கையே அணைச்சவரு.” இதைப் பெருமையாகவே சொல்வார். நீங்கள்தான் முகத்தைத் திருப்பிக்கொள்வீர்கள். மாதா கோயிலுக்குக் குறுக்கு வழி அந்த வயல் வரப்பு. ஓய்வு பெற்ற பிறகும், முட்டி வலியோடும், நீங்கள் ரோட்டைச் சுற்றிக்கொண்டே போனீர்கள். அம்மா கேட்டால், “நடந்தா ஒடம்புக்கு நல்லது” என்பீர்கள். எங்களை முட்டாள் என்று நினைத்துக்கொண்டீர்கள் போலிருக்கிறது.

மாடிப்படியில் உட்கார்ந்து இதையெல்லாம்தான் நினைத்துக்கொண்டிருந்தேன். உங்கள் இரண்டு பேரையும் கடைசி வரை அண்ணன் தம்பியாக வைத்திருந்தது ‘நாட்டுலயே இல்ல’ என்ற அந்த ஒற்றை வாக்கியம். அது பொய் என்று என் கையால் நட்சத்திரம் ஒட்டிவிட்டு வந்திருக்கிறேன்.

பொய் என்று சொல்வதுகூடச் சரியில்லை. என் வேலை இது, எனக்கு விவரம் தெரியும். தட்டுப்பாடு நிஜம். உற்பத்தி ஏறியது, தேவை அதைவிட வேகமாக ஏறியது. புதிய தொழிற்சாலைகள், புதிய கட்டடங்கள், ஊருக்கு ஊர் குளிரூட்டிய கடைகள். நீங்கள் குறைக்காமல் விட்டிருந்தால் நாடி விழுந்திருக்கும். நீங்கள் கைப்பிடியைத் திருப்பியது சரியே. ஆனால் எல்லாருக்கும் இல்லை என்று நினைத்தீர்களே, அது அப்படி இல்லை அப்பா. முன்னால் எப்போதையும்விட அதிகமாக இருந்தது. அது யாரிடம் போவது, யாரிடம் போகாமல் இருப்பது என்று யாரோ தீர்மானித்து வைத்திருந்தார்கள். தொடக்கூடாத லைன் எது, தொடலாம் என்கிற லைன் எது என்பது உங்களிடம் வந்து சேர்வதற்கு முன்பே முடிவான விஷயம். நீங்கள் நம்மை முதலில் அணைத்தது, யாரும் குறை சொல்லிவிடக்கூடாது என்ற பயத்தில். மேலே இருந்தவர்கள் நம்மை முதலில் அணைத்தது, இவர்கள் குறை சொல்லமாட்டார்கள் என்ற தைரியத்தில். இது எனக்கு இன்று காலை வரை தெரியாது. மின்சாரத்தில் சம்பளம் வாங்குகிற எனக்கே தெரியாது. நினைக்க நினைக்க உடம்பு கூசுகிறது.

அந்தப் படத்தில் உற்பத்தியானதற்கு நீலம் இருக்கிறது, சாம்பல் இருக்கிறது, இப்போதைய வருஷங்களில் வெயிலுக்கும் காற்றுக்கும்கூட மஞ்சளும் பச்சையும் வந்துவிட்டன. கேட்டுக் கிடைக்காமல் போனதற்கு நிறம் எதுவும் கிடையாது. ஸ்டார்ட்டரில் கை வைத்தபடி மோட்டார் கொட்டகையில் காத்திருந்த ஒரு மனிதரை அந்தப் படத்தில் எந்த இடத்தில் தேடுவது? மேலாளரிடம் போய்க் கேட்டேன். “ஏன் சார், தேவைக்கும் ஒரு கோடு போட்டுக் காட்டினா என்ன?” அவர் நல்ல மனிதர். யோசித்துவிட்டு, “விழாவுக்கு வேண்டாமே மேடம்” என்றார்.

சித்தப்பாவிடம் சொல்வதா கூடாதா என்று மத்தியானம் முழுக்க மண்டை காய்ந்தது. சொன்னால் இத்தனை காலம் அவர் பிடித்துக்கொண்டிருந்ததைப் பிடுங்குகிறேன். சொல்லாவிட்டால் அவர் ஏமாந்தவராகவே இருந்துவிடுவார். சொல்லக்கூடாது என்று முடிவு செய்தேன். நான் முடிவு செய்து என்ன பிரயோசனம்? சாயங்காலம் அவரே கூப்பிட்டார். கல்லறைத் திருநாள் வருகிறதல்லவா, அதற்காக.

“பூவு இங்க நல்லா கெடைக்குது. வாங்கிட்டு வந்துரட்டுமா? ஊருக்கு வர்றதுக்குள்ள வாடிருமாம்மா?”

“வாடிரும் சித்தப்பா. மன்னார்குடியில வாங்கிக்கலாம்.”

“கொரலு ஏன் ஒரு மாதிரி இருக்கு?”

அவ்வளவுதான். என் வாய் நிற்கவில்லை. படத்தைச் சொன்னேன், நட்சத்திரத்தைச் சொன்னேன், மாதத்தைச் சொன்னேன். அவருக்குப் பின்னால் தையல் மிஷின்கள் ஓடும் சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது. அது மெல்லக் குறைந்தது. வெளியே வந்து நிற்கிறார் என்று தெரிந்துகொண்டேன்.

“அப்ப, இருந்துச்சாம்மா?”

“இருந்துச்சு சித்தப்பா. அதுக்கு முன்னால எந்த மாசமும் அவ்வளவு இருந்ததில்ல.”

எனக்குப் பயமாகிவிட்டது. அந்த வயதான மனிதர் ரோட்டு ஓரத்தில் நின்றுகொண்டு அழப்போகிறார் என்று நினைத்தேன். இல்லாவிட்டால் கத்துவார், இத்தனை காலமும் சேர்த்துக் கத்துவார், கத்தட்டும் என்று காத்திருந்தேன்.

“அண்ணனுக்கு இது தெரியுமா?” என்று கேட்டார்.

“தெரியாது சித்தப்பா. அவருக்குப் போன்ல கொறைங்கன்னு சொல்றது மட்டும்தான் தெரியும்.”

“நெசமாத் தெரியாதுல்ல?”

“நெசமாத் தெரியாது.”

பெருமூச்சு விட்டார். இங்கே வரை கேட்டது. “நல்ல வேளை. தெரிஞ்சிருந்தா அந்த மனுசன் தாங்கியிருக்க மாட்டாரு” என்றார். பிறகு, “நம்ம நெலம் போனது போயிருச்சு. அது கெடக்கு. ஒண்ணு சொல்றேன் கேட்டுக்க. திருநாளுக்கு வரும்போது அண்ணங்கிட்ட இதப் பேசிராத. எல்லாருக்கும்தான் இல்லன்னு நெனச்சுக்கிட்டே போய்ச் சேந்தாரு. அப்படியே இருக்கட்டும்மா” என்றார்.

நம் குடும்ப வழக்கம் அவருக்குத் தெரியும். மெழுகுவர்த்தி ஏற்றி, பூப் போட்டு, அந்த வருஷத்துச் செய்திகளைக் கல்லறையில் இருப்பவர்களிடம் வாய்விட்டுச் சொல்லிவிட்டு வருவது. தாத்தாவுக்கு நீங்கள் அப்படித்தான் சொன்னீர்கள். போரில் தண்ணீர் வந்ததைக்கூட அங்கே போய்ச் சொன்னீர்கள். “சரி சித்தப்பா” என்று வாக்குக் கொடுத்துவிட்டேன். போனை வைத்த பிறகு எனக்கு அழுகை வந்தது. தன் வயல் ஏன் போனது என்று தெரிந்த நிமிடத்திலும் அந்த மனிதருக்கு உங்களைப் பற்றித்தான் கவலை.

ஆனால் அப்பா, உங்களுக்குத் தெரியாமல் இருப்பது என்னால் தாங்க முடியாத ஒன்றாக இருக்கிறது. தம்பியின் பயிரைக் கருக்கியது என் கைதான் என்று நினைத்துக்கொண்டு முட்டி வலியோடு ரோட்டைச் சுற்றி நடந்தவர் நீங்கள். அந்தக் கை கடைசிக் கை. அதற்கு முன்னால் எத்தனையோ கைகள் இருந்தன, அவற்றில் ஒன்றுகூட வரப்பைச் சுற்றிக்கொண்டு போகவில்லை. இதை நான் உங்களிடம் சொல்லாமல் வேறு யாரிடம் சொல்வேன்? உங்களிடமிருந்து எனக்கு வந்து சேர்ந்தது என்னவென்று கேட்டால், அந்தக் கைப்பிடி திரும்பிய சத்தம்தான். யாராவது என்னிடம் வளர்ச்சி என்று ஒரு கோட்டைக் காட்டினால், இது ஏறிய மாதத்தில் யார் வீட்டில் அணைந்தது என்று இனிமேல் கேட்பேன். என்னை அலுவலகத்தில் கொஞ்சம் பைத்தியமாகப் பார்ப்பார்கள். பார்த்துவிட்டுப் போகட்டும்.

திருநாளன்று சித்தப்பா வருவார். குனிய முடியாமல் குனிந்து உங்களுக்கு மெழுகுவர்த்தி ஏற்றுவார். பேரன் படிப்பு, கம்பெனி, திருப்பூர் மழை என்று எல்லாவற்றையும் சொல்வார். இதை மட்டும் சொல்லமாட்டார். நான் பக்கத்தில் வாயை மூடிக்கொண்டு நிற்பேன். நான் உங்களிடம் சொல்லிவிட்டேன் என்று அவருக்குத் தெரிய வேண்டாம். நீங்களும் தெரிந்ததாகக் காட்டிக்கொள்ளாதீர்கள், அப்பா.